ஹில்காவின் நாற்காலிக்கு ஒரு கைதான்

ஏப்ரல் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, எங்கள் தீயணைப்பு நிலையத்து மாடியில் உள்ள பலகையில் ஒரு சீட்டு தொங்கியது. ‘ஜாய்ஸ்டிக், த்ராட்டில், கால்மிதி மூன்றும் விற்பனைக்கு. எட்டு மாதமே பழசு. ஏரிக் யுந்துனென்.’ கையெழுத்து அவன் மனைவி அவுனேயுடையது. அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதியிருப்பாள்.

அந்தச் செட்டை வாங்கச் சொன்னதே நான்தான்.

அந்த மாடியில்தான் எங்கள் சிமுலேட்டர் சங்கம் கூடுகிறது. பன்னிரண்டு பேர். குளிர்காலம் முழுக்க வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும், நாங்கள் உள்ளே கம்ப்யூட்டர் திரையில் விமானம் ஓட்டிக்கொண்டிருப்போம். பெரும்பாலும் போர் விமானம்தான். எனக்குத் தொழில் டிராக்டர் பழுது பார்ப்பது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் ஸ்க்ரூ போட்ட எந்தப் பொருளைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து இருக்கும், கேட்காதவர்களுக்கும் அதைச் சொல்லுவேன். ஏரிக்குக்குக் கேடு வந்தது அப்படித்தான்.

ஏரிக் எங்களைப் போல விளையாட்டு விமானி இல்லை, நிஜ விமானி. முப்பத்தொரு வருடம் மிதவை விமானம் ஓட்டினான். கோடையில் காட்டுத்தீ எங்கே புகைகிறது என்று பார்த்துவரப் போவான், சாலை இல்லாத ஏரிகளுக்கு மீன்பிடிக்காரர்களைக் கொண்டுபோய் இறக்குவான். வருடா வருடம் எங்கள் ஏரியில் பனிக்கட்டி உடைந்து தண்ணீர் தெரிகிற அன்றைக்கு முதலில் வந்து இறங்குவது அவன் விமானம்தான். பனிக்கட்டி மேல் ஒரு பீப்பாய் வைத்திருப்போம், அது எந்த நாள், எந்த மணிக்கு மூழ்கும் என்று ஊரே சீட்டு எழுதிப் போடும். பீப்பாய் போனதும் எல்லோரும் ஃபிளாஸ்க்கில் காப்பியோடு கரைக்கு வந்துவிடுவோம். ஏரிக் வந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கினால்தான் எங்களுக்குக் கோடை.

இரண்டு வருடம் முன்பு சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் உட்கார்ந்திருக்கும்போது அவனுக்கு மூளையில் ரத்தக் குழாய் அடைத்தது. உயிர் பிழைத்தான். நடை வந்தது, பேச்சும் வந்தது. இடது கை மட்டும் பாதிதான் வந்தது. லைசென்ஸ் போனது, விமானத்தையும் விற்றுவிட்டான். அதிலிருந்து பனி உடையும் நாளில் எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் வைத்தோம். மாடிச் சுவரில் படத்தைப் பெரிதாக விழவிட்டு, எங்கள் ஏரியையே சிமுலேட்டரில் போட்டு, ஒவ்வொருவராக மிதவை விமானத்தை இறக்குவது. ஏரிக் வந்து முதலில் இறக்குவான் என்றுதான் அதை ஆரம்பித்தோம். இரண்டு வருடமும் அவன் வரவில்லை.

போன இலையுதிர்காலத்தில் அவனை நான்தான் பிடித்து உலுக்கினேன். வீட்டிலேயே ஒரு செட் வாங்கிப் பழகு, வசந்தத்தில் வந்து இறக்கு என்றேன். எங்களிடம் இருப்பதிலேயே நல்லதைச் சொன்னேன். முழு இரும்பு ஜாய்ஸ்டிக், கல்லு மாதிரி ஸ்பிரிங். வலது கைக்கு விமானத்தைத் திருப்பும் ஜாய்ஸ்டிக், இடது கைக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில். போர் விமானத்துக்கு அதுதான் சரி, நாங்கள் எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறோம். த்ராட்டிலைப் பிடிக்கிற இடது கை நடுங்குகிறது, இயந்திரத்தின் வேகம் ஏறி ஏறி இறங்குகிறது என்று ஏரிக் போன் செய்தான். அதற்கும் என்னிடம் மருந்து இருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு இடம் உண்டு, பிடி கொஞ்சம் அசைந்தாலும் அசையவில்லை என்று எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். அதை நன்றாக அகலமாக்கி விட்டேன், த்ராட்டிலுக்கும் ஜாய்ஸ்டிக்குக்கும் சேர்த்தே. நடுக்கம் திரையில் தெரியாமல் போனது. எனக்குப் பெருமையாக இருந்தது.

குளிர்காலம் முழுக்க அவன் ஒரு தடவைகூட ஒழுங்காக இறக்கவில்லை. ஒன்று தண்ணீரில் மூக்கைக் குத்தும், இல்லை ஏரியைத் தாண்டிக் காட்டுக்குள் போகும். முப்பத்தொரு வருடம் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. தலைக்குள்ளேயே அது செத்துப்போய்விட்டது என்று அவுனேயிடம் சொல்லியிருக்கிறான். அதன் பிறகுதான் இந்தச் சீட்டு.

சீட்டைப் படித்துவிட்டு நான் நேராக ஹில்கா வீட்டுக்குப் போனேன்.

ஹில்கா கெம்பைனெனைப் பற்றித்தான் இந்தக் கதை. ஐம்பத்தெட்டு வயது, குட்டையான ஆள், தோள் அகலம். பத்தொன்பது வயதில் காட்டு வேலைக்குப் போனாள். முதலில் மரக்கட்டை இழுக்கிற டிராக்டர், பிறகு இருபத்தொன்பது வருடம் மரம் வெட்டும் பெரிய இயந்திரம். அதில் ஸ்டீயரிங்கைவிடப் பிடிகளுக்குத்தான் வேலை அதிகம். நாற்காலியின் இரண்டு கைகளிலும் காளான் மாதிரி பக்கத்துக்கு ஒரு பிடி முளைத்திருக்கும். முழங்கையைச் சாய்த்து வைத்துவிட்டு, விரல் நுனியால் அதை அசைத்தே ஒரு மரத்தைப் பிடித்து, அறுத்து, கிளை கழித்து, துண்டு போட்டு அடுக்கிவிடலாம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், இருபத்தொன்பது வருடம். எங்கள் சங்கத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஜாய்ஸ்டிக் பிடித்த நேரத்தைக் கூட்டினாலும் அவள் ஒரு குளிர்காலத்தில் பிடித்த நேரத்துக்கு வராது. முதல் நாள் சங்கத்துக்கு வந்தபோது நாங்கள் அவளுக்கு ஜாய்ஸ்டிக் என்றால் என்ன என்று விளக்கினோம். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அதைச் சொல்லி இன்றைக்கும் எங்களில் ஒருவனான தாய்ஸ்தோவைக் கேலி செய்வோம், அவன்தான் அதிகம் விளக்கியவன்.

கடையில் வாங்கின பொருளை அவள் முதலில் தலைகீழாகத் திருப்பி ஸ்க்ரூவைப் பார்ப்பாள். கழற்ற முடியாத பொருள் என்றால் அவளுக்கு அது பொருளே இல்லை. யாராவது புதிதாகச் செட் வாங்கப் போகிறேன் என்றால், இப்போதெல்லாம் முதலில் ஹில்காவிடம் கேட்கிறார்கள். அவள் வீட்டுக்கு வருவாள். காப்பி கேட்பாள். கோப்பையை எந்தக் கையில், எத்தனை விரலில் பிடிக்கிறார்கள் என்று பார்ப்பாள். உட்காரும் நாற்காலியில் முழங்கை எந்த உயரத்தில் நிற்கிறது என்று மடக்குக் கோலால் அளப்பாள். பிறகு மேசையைப் பிடித்து ஆட்டுவாள். தாய்ஸ்தோ விலை உயர்ந்த செட் ஒன்றுக்கு ஒரு வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தபோது அவன் மேசையை ஆட்டிவிட்டு, “ஜாய்ஸ்டிக்கு நல்லாத்தான் இருக்கு. உன் மேசைதான் பறக்குது. முதல்ல ஒரு மேசைய வாங்கு” என்றாள். பள்ளிக்கூடத்துச் சமையல்காரி ஒருத்திக்குக் கை சின்னது, கட்டைவிரல் பொத்தானுக்கு எட்டவில்லை. வேறு வாங்கச் சொல்லாமல், பிடியின் வயிற்றை அரம் போட்டு ராவிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் இப்படித்தான் செய்வாள். ஆளுக்குத் தகுந்த மாதிரி பொருளை மாற்றுவாளே தவிர, பொருளுக்குத் தகுந்த மாதிரி ஆளை மாறச் சொல்ல மாட்டாள்.

நான் போனபோது விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். சீட்டைப் பற்றிச் சொன்னேன். நான் செய்த மருந்தையும் சொன்னேன்.

“எவ்வளவு அகலம் வெச்ச?” என்று கேட்டாள்.

சொன்னேன். கையில் இருந்த விறகைக் கீழே போட்டாள்.

“நடுக்கத்த மறைக்கிறேன்னு கையையே மறைச்சிட்ட, ரெய்யோ. பிடிய கொஞ்சம் அசைச்சா ஒண்ணும் ஆகாது, இன்னும் கொஞ்சம் அசைச்சா திடீர்னு எகிறும். அத வெச்சு எவன் இறக்குவான்? நீ இறக்குவியா?”

கீழே விழுந்த விறகை நான் எடுத்து அடுக்கினேன்.

மறுநாள் மத்தியானம் இரண்டு பேரும் ஏரிக் வீட்டுக்குப் போனோம். அவுனே ஏலக்காய் பன் சுட்டிருந்தாள். ஏரிக் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பனிக்கட்டி சாம்பல் நிறமாகிவிட்டது, பீப்பாய் இன்னும் நின்றது. எங்களைப் பார்த்ததும், சாமான் பின் அறையில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போகலாம் என்றான்.

“வாங்க வரல. காப்பி குடிக்க வந்தேன்” என்றாள் ஹில்கா.

அவள் பார்த்தது எனக்குத் தெரியும். ஏரிக் இடது கைப் பழக்கக்காரன், நடுங்கினாலும் கோப்பையை அந்தக் கையால்தான் எடுத்தான். தூக்கும்போது தோள் வெடவெடத்தது, காப்பி தட்டில் சிந்தியது. ஆனால் முழங்கையை மேசையில் ஊன்றியதும் கோப்பை நின்றது. அவ்வளவு பழகிய ஆட்டம், அவுனே துடைக்கத் துணியைத் தயாராக வைத்திருந்தாள். ஹில்கா இரண்டாவது கோப்பையும் ஊற்றச் சொன்னாள். மறுபடி பார்த்தாள்.

பிறகு அவனைச் சமையலறை நடுவில் வெறும் நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

“கண்ண மூடு. உன் பழைய விமானத்துல உட்கார்ந்திருக்க. தண்ணி முன்னாடி இருக்கு, இறங்கப் போற. கைய வை.”

“எதுக்கு இந்தக் கூத்து?”

“வை ஏரிக். காப்பி ஆறுது எனக்கு.”

அவன் கண்ணை மூடினான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கைகள் தாமாகவே போயின. வலது கை நேராக முன்னால், உடம்புக்கு நடுவே போய், ஒரு குமிழைப் பிடித்த மாதிரி மூடியது. இடது கை நடுங்கிக்கொண்டே தொடைக்கு மேல் எழும்பி நின்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. த்ராட்டில் வலது கையில். விமானத்தைத் திருப்பும் பிடி இடது கையில். முப்பத்தொரு வருடம் அவன் அப்படித்தான் ஓட்டியிருக்கிறான், அந்த மாதிரி விமானத்தில் இடது பக்க இருக்கைக்காரன் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுவான். நான் வாங்கச் சொன்னது அப்படியே தலைகீழ். நாங்கள் போர் விமானக்காரர்கள், எங்களுக்கு வேறு மாதிரி ஒன்று இருக்கும் என்றே தோன்றவில்லை. ஏரிக்குக்கும் தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம். அவனுக்கு எல்லாத் தப்பும் தன் தலையில்தான் என்று ஆகிவிட்டிருந்தது.

“கண்ணத் திற. உன் கை எங்க இருக்குன்னு பாரு” என்றாள் ஹில்கா.

அவன் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அவுனே துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“பிடி இந்தப் பக்கமே இருந்தாலும் இந்தத் தோள் நிக்காதே” என்றான் கடைசியில்.

“தோள யாரு கேட்டா? இருபத்தொம்பது வருஷம் நான் தோள வெச்சா மரம் வெட்டுனேன்? முழங்கை சாஞ்சிருக்கட்டும். விரல் போதும்.”

அதற்கப்புறம் ஒரு வாரம் என் பட்டறையில் வேறு வேலை நடக்கவில்லை. அந்த இரும்பு ஜாய்ஸ்டிக்கை ஹில்கா முழுக்கப் பிரித்தாள். அதன் பிடி வலது கைக்காகவே செதுக்கினது, இடது கையில் பிடித்தால் கட்டைவிரல் அந்தரத்தில் நிற்கும். அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தன் பழைய மரம் வெட்டும் இயந்திரத்தின் இடது காளான் பிடியைப் பொருத்தினாள். அந்த இயந்திரத்தை உடைக்கப் போட்டபோது எடுத்து வைத்திருந்ததாம். ரப்பர் அவள் விரல் பட்டே மழுமழுவென்று ஆகியிருந்தது. ஒயரை நான் பற்றவைத்தேன், நான்கு பொத்தானுக்கு மட்டும். கல்லு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஜாய்ஸ்டிக்கோடு வந்த பெட்டியில் இருந்த நான்கிலும் மெல்லியதைப் போட்டாள். போட்டு, ஒரு விரலால் தள்ளிப் பார்த்து, அதிலும் ஒரு சுற்றை வெட்டினாள்.

அந்தப் பிடியைப் பொருத்த நாற்காலிக் கை ஒன்று வேண்டும், முழங்கை முழுக்கச் சாய்கிற மாதிரி, உயரம் ஏற்றி இறக்குகிற மாதிரி. கடையில் பார்த்தோம், ஒன்றும் சரிவரவில்லை. வியாழக்கிழமை காலையில் ஹில்கா ஒரு நாற்காலிக் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள். எங்கே கிடைத்தது என்று கேட்டேன், வீட்டில் இருந்தது என்றாள். அந்த மாதிரிக் கை வைத்த நாற்காலி அவள் வீட்டில் ஒன்றுதான், இருபத்தொன்பது வருடமும் அவள் உட்கார்ந்த நாற்காலி. வேலையை விட்டுப் போகும்போது கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. அதில் உட்கார்ந்துதான் அவள் விமானம் ஓட்டுவாள். நான் வாயை மூடிக்கொண்டு துளை போட்டேன்.

கம்ப்யூட்டரில் நான் வைத்த மருந்தை அவள் மொத்தமாக அழித்தாள். பிடி எவ்வளவு அசைந்தாலும் விமானத்துக்குத் தெரியும். அதற்குப் பதிலாக, நடுவில் மெதுவாகவும் ஓரத்துக்குப் போகப் போக வேகமாகவும் கேட்கிற மாதிரி வைத்தாள். நடுக்கம் இருக்கும், ஆனால் விமானத்தின் இறக்கையில் லேசான காற்று பட்ட மாதிரிதான் தெரியும். த்ராட்டிலை அவன் வலது கை போய் நின்ற அதே இடத்தில் ஒரு பலகை அடித்து வைத்தோம். பின்னால் முழுக்க இழுத்தால் இயந்திரம் உண்மையிலேயே அடங்குகிறதா என்று நூறு தடவை இழுத்துப் பார்த்தாள்.

“பறக்கறது எப்படின்னு நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. அது உன் வேலை. பிடி இடிச்சா கூப்பிடு” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஏரிக் இரண்டு தடவை கூப்பிட்டான். ஒரு தடவை உயரத்தை விரல் அளவு குறைத்தாள். இன்னொரு தடவை ஸ்பிரிங்குக்குக் கிரீஸ் வைத்தாள். எப்படி இறக்குகிறான் என்று கேட்டதற்கு அவுனே, கதவைச் சாத்திக்கொள்கிறான், சத்தம் மட்டும் கேட்கிறது என்றாள். பலகையில் சீட்டு அப்படியே தொங்கியது.

மே பதினான்காம் தேதி சனிக்கிழமை காலை பீப்பாய் மூழ்கியது. மத்தியானம் மாடியில் எல்லோரும் கூடிவிட்டோம். வாசலில் யாரோ சாஸேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணிக்கு அவுனேயின் கார் வந்தது. பின்சீட்டில் நாற்காலிக் கையோடு அந்தக் காளான் பிடியும், த்ராட்டிலும்.

நான் ஓடிப்போய் எல்லாவற்றையும் மேலே தூக்கி வந்து சங்கத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். கை பரபரத்தது. சங்கத்து ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கினேன். சங்கத்துப் பழைய த்ராட்டிலை மேசைக்கு அடியில் தள்ளினேன். அதன் ஒயரைப் பிடுங்க மறந்துபோனேன். புதிதாக எதை மாட்டினாலும் இந்தக் கம்ப்யூட்டர் தானாகவே அதற்கும் வேலை கொடுக்கும், பழையதற்குக் கொடுத்ததையும் பிடுங்காது. இரண்டு த்ராட்டிலும் ஒரே இயந்திரத்துக்கு. சங்கத்தில் சேரும் ஒவ்வொருவனும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு, புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறவனே நான்தான்.

ஏரிக் உட்கார்ந்தான். முழங்கையைச் சாய்த்தான். சுவரில் எங்கள் ஏரி விரிந்தது. விமானம் தெற்கிலிருந்து வந்தது, அவன் எப்போதும் வருகிற பக்கம், தேவாலயக் கோபுரத்துக்கு இடது கையாக. இறக்கை லேசாக ஆடியது, ஆனால் நேராக வந்தது. தண்ணீருக்கு மேல் ஒரு ஆள் உயரத்தில் வந்து நின்றது. நின்றதுதான், இறங்கவில்லை. அப்படியே மிதந்து மிதந்து போனது. ஏரி முடிகிற இடத்தில் காடு நெருங்கியதும் ஏரிக் வேகத்தைக் கூட்டி மேலே எழுப்பிவிட்டான்.

“தண்ணி குளிரும்னு யோசிக்கிறான்” என்றான் தாய்ஸ்தோ. ஒருவரும் சிரிக்கவில்லை. அவனுக்கே தர்மசங்கடம். ஏரிக்கின் கழுத்து சிவந்திருந்தது. அவுனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் நான் பார்த்தேன். மேசைக்கு அடியில் பழைய த்ராட்டில், அதன் மேல் என் கோட்டு கிடந்தது. கோட்டின் பாரத்தில் பிடி பாதி தூரம் முன்னால் சாய்ந்திருந்தது. அது தேய்ந்துபோன சாமான், சும்மா இருந்தாலும் உள்ளே நடுங்கிக்கொண்டே இருக்கும். நடுங்கும் ஒவ்வொரு தடவையும், வேகம் கொடு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஏரிக் தன் த்ராட்டிலை முழுக்க இழுத்தாலும் இயந்திரம் அடங்காது.

நான் குனியப் போனேன். என் காலை ஒரு பூட்ஸ் மிதித்தது, நன்றாகவே மிதித்தது. ஹில்கா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முகம் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. அவளும் பார்த்துவிட்டிருந்தாள். காலை எடுக்கவில்லை.

ஏரிக் ஒரு சுற்று சுற்றி மறுபடி வந்தான். கோபுரம், ஏரி, தண்ணீர். வலது கை த்ராட்டிலைக் கடைசி வரை இழுத்தது. விமானம் மறுபடியும் மிதந்தது. அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்தான், யாரோ பக்கத்து அறையில் பேசுவதைக் கேட்கிற மாதிரி. த்ராட்டிலை முன்னால் கொஞ்சம் தள்ளினான், மறுபடி இழுத்தான், கேட்டான்.

“இது என் கை இல்ல” என்றான்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, விமானத்தை மேலே எழுப்பிக்கொண்டே பேசினான். குரல் பழைய குரல், விமானத்திலிருந்து வயர்லெஸ்ஸில் பேசுகிற குரல்.

“நான் முழுசா இழுத்துட்டேன், இன்ஜின் அடங்கல. வேற எவனோ என்கூட ஓட்டுறான். ரெய்யோ, அந்த ஒயரெல்லாம் என்னன்னு பாரு.”

என் காலிலிருந்து பூட்ஸ் எழுந்தது. நான் மேசைக்கு அடியில் புகுந்து பிடுங்கினேன். ஒயரைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திட்டு வாங்க நான் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எப்போதும் நின்றதில்லை.

“பதினஞ்சு வருஷமா அடுத்தவனுக்குப் பாடம் எடுக்கிறான் இவன்” என்றான் தாய்ஸ்தோ. இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். ஏரிக்கும்.

மூன்றாவது தடவை அவன் வந்தபோது த்ராட்டிலை இழுத்ததும் இயந்திரத்தின் சத்தம் முணுமுணுப்பாக அடங்கியது. காளான் பிடியில் அவன் விரல்கள் நடுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது, இறக்கையும் லேசாக ஆடியது. மிதவைகள் தண்ணீரைத் தொட்டன. ஒரு சின்னத் துள்ளல். மறுபடி தொட்டன, இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு கிழித்துக்கொண்டு ஓடி, படகுத்துறைக்கு நேரே நின்றன.

அவுனே துணியைத் தேடினாள், காப்பிக்கு இல்லை.

“ஒரு துள்ளு துள்ளிச்சே” என்றான் தாய்ஸ்தோ.

“ஆமா” என்றான் ஏரிக். “அது என் கைதான்.”

கீழே இறங்கியதும் ஹில்காவிடம் கேட்டேன், ஏன் மிதித்தாய் என்று. கால் இன்னும் வலித்தது. அவள் சாஸேஜில் கடுகுச் சாந்து தடவிக்கொண்டிருந்தாள்.

“நீ சொல்லியிருந்தா உன்னைத்தான் நம்பியிருப்பான், அவன் கைய இல்ல” என்றாள். அவ்வளவுதான், அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வராது.

பலகையில் இருந்த சீட்டை ஏரிக் கிழிக்கவில்லை. பேனா வாங்கி, இடது கையாலேயே, மெதுவாக ஒரு திருத்தம் எழுதினான். விற்பனைக்கு என்று இருந்ததை எல்லாம் அடித்துவிட்டு, ‘வலது கைப் பிடி ஒன்று, கல்லு ஸ்பிரிங் ஒன்று, இலவசம்’ என்று போட்டான். எழுத்து கோணல்தான், ஆனால் படிக்க முடிந்தது. தாய்ஸ்தோ அன்றைக்கே இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனிடம் இப்போது நல்ல மேசை இருக்கிறது.

ஹில்காவுக்குப் புது நாற்காலிக் கை செய்து தருகிறேன் என்று நான் மூன்று தடவை சொல்லிவிட்டேன். அளவுகூட எடுத்துவிட்டேன். வேண்டாம் என்கிறாள். இடது முழங்கைக்கு ஒரு விறகுக் கட்டையை நிறுத்தி, அதன் மேல் ஒரு கம்பளிக் கையுறையை மடித்து வைத்திருக்கிறாள். உயரம் சரியாக இருக்கிறதாம்.